தோட்டத்துக் காடிக்கு பேட்டரி எத்தனை மாதம் வரும்?

இரண்டு வருடம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊரில், தோட்டத்துக்கும் டவுனுக்குமாக ஓடும் காடியின் (காரின்) பேட்டரியிடம் நியாயமாக எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவுதான். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் மூன்று வருடம் வரும். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு வருட வாரண்டி முடிந்த கையோடு படுத்துவிடும். குளிர் நாட்டில் இருக்கும் சொந்தக்காரர் “எங்க காடியில அஞ்சு வருசமா ஒரே பேட்டரிதான்” என்று சொன்னால், கடைக்காரர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டியதில்லை. ஈய அமில பேட்டரிக்குச் சூடுதான் எமன். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் எல்லோரும் கையில் வைத்திருக்கும் கணக்கு. வெளியே 33 டிகிரி வெயில் அடிக்கும்போது பொனட்டுக்குள் கை வைக்க முடியாது. எஞ்சினை அணைத்ததும் காற்றோட்டம் நின்று சூடு இன்னும் ஏறும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈயத் தகடு அரிக்கிறது, அமிலத்தில் உள்ள தண்ணீர் குறைகிறது.

பகலில் கெட்டது விடியற்காலையில்தான் வெளியே தெரியும். ஐந்தரை மணிக்குப் பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பேர் எடுக்கும் இடம்) கிளம்பும் நேரத்தில் ‘கிர்ர்... கிர்...’ என்று இழுத்து நின்றுவிடும். “நேத்து ராத்திரி நல்லாத்தானே ஓடிச்சு அண்ணே” என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓடியிருக்கும். ஆனால் பேட்டரி ஒரே ராத்திரியில் சாவது அபூர்வம். பல வாரமாகவே காலையில் அரை நொடி கூடுதலாக இழுத்திருக்கும். எஞ்சின் பிடித்துக்கொண்டதால் யாரும் அதைக் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

வெயிலை நம்மால் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது அரைகுறை சார்ஜ். நம் பக்கத்தில் பேட்டரிகள் காலத்துக்கு முன்பே போவதற்கு வெயிலுக்கு அடுத்த காரணம் அதுதான். லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை, கடையிலிருந்து வீடு என்று காடி ஓடுவது இரண்டு மூன்று கிலோமீட்டர். ஏர்கோன் முழு வேகத்தில் ஓடும். மழை பிடித்தால் வைப்பரும் லைட்டும் சேரும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் கரண்ட் உற்பத்திக் கருவி) கொடுக்கும் கரண்டில் பெரும்பகுதியை இவையே தின்றுவிடும். மிச்சம்தான் பேட்டரிக்கு.

ஸ்டார்ட் செய்வதுதான் பேட்டரியைக் காலி செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சின்னக் காடி 150 ஆம்பியர் வீதம் மூன்று நொடி இழுத்தால் செலவாவது ஏறக்குறைய 0.13 ஆம்பியர் மணிதான். 35 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை. உண்மையில் உறிஞ்சுவது சும்மா நிற்கும்போது ஓடும் சின்னக் கரண்ட். அலாரம், கடிகாரம், கணினிப் பெட்டி எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் எடுத்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி. இரண்டு வாரம் காடியை எடுக்காமல் விட்டால் பேட்டரியில் பாதி போய்விடும். நிறுத்திய பிறகும் பதிவு செய்யும் டேஷ்கேம் 0.3 ஆம்பியர் எடுத்தால் நாளுக்கு 7 ஆம்பியர் மணிக்கு மேல், மூன்றே நாளில் 20-ஐத் தாண்டும். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்து மாதம் ஒரு முறை வீடு வரும் பிள்ளைகளின் காடிகளில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

பேட்டரி இறங்கும்போது தகட்டில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழையபடி ஆகிவிடும். நாள்கணக்கில் அப்படியே விட்டால் இறுகிப் படிகமாகி, அப்புறம் எந்தச் சார்ஜருக்கும் அசையாது. அந்த அளவுக்கு தகட்டின் பரப்பு நிரந்தரமாகப் போய்விட்டது என்று அர்த்தம்.

தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து ‘சூடு காட்டுவது’ இதற்கு மருந்தே கிடையாது. பாதி இறங்கிய பேட்டரி முதலில் கொஞ்சம் வேகமாக ஏற்கும், கடைசிப் பகுதியை மிக மெதுவாகத்தான் ஏற்கும். வாரம் ஒரு தடவையாவது காடியை நெடுஞ்சாலையில் விட வேண்டும். ஈப்போ வரை சுமார் 30 கிலோமீட்டர், போய்வந்தால் போதும். அதற்கு வழியில்லாதவர்கள் ஒரு சார்ஜர் வாங்கிக்கொள்ளலாம். பேட்டரியின் ஆம்பியர் மணியில் பத்தில் ஒரு பங்குதான் பாதுகாப்பான வேகம்: 35-க்கு 3.5 ஆம்பியர், இரவு முழுக்க. இரண்டு வாரத்துக்கு மேல் காடியை நிறுத்துவதாக இருந்தால் நெகட்டிவ் கிளாம்பை (பேட்டரி முனையைப் பிடித்திருக்கும் வயரின் பிடி) கழற்றி வைத்துவிட்டுப் போவது எல்லாவற்றையும்விடச் சுலபம். சில காடிகளில் ரேடியோ குறியீட்டு எண் கேட்கும், அதை மட்டும் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமானதுக்கு வருவோம். சின்னக் காடியின் பேட்டரிக்கே இருநூறு வெள்ளி (ரிங்கிட்) பக்கம் ஆகிறது. மாதச் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. ஆனால் கழற்றி வீசும் பேட்டரிகளில் நல்ல பேட்டரிகளும் இருக்கின்றன. கிளாம்ப் தளர்ந்ததற்கும், ஆல்டர்னேட்டர் சோர்ந்ததற்கும் பேட்டரி பலியாகிறது. புதிது போட்ட இரண்டாம் மாதம் அதே கோளாறு திரும்ப வரும்போதுதான் உண்மை தெரிகிறது. அதனால் காசை எடுக்கும் முன் மூன்று எண்களைப் பாருங்கள். இருபது, முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பை பாசிட்டிவ் முனையிலும் கறுப்பை நெகட்டிவ் முனையிலும் தொடுங்கள். கிளாம்பில் வைக்காமல், நடுவே நிற்கும் ஈயக் குமிழிலேயே வைக்க வேண்டும்.

முதல் எண், இரவு முழுக்க நின்ற காடியில், காலையில் கதவைத் திறப்பதற்கு முன்போ, திறந்து சில நிமிடம் விட்ட பிறகோ எடுப்பது. 12.6-க்கு மேல் என்றால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்தான். 11.8-க்குக் கீழே காலி. இந்த ஒரு வோல்ட்டுக்குள்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. “பன்னிரண்டு காட்டுதே, நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லி ஏமாறுவது இங்கேதான். 10.5 பக்கம் நின்றால் அதற்குத் தனி அர்த்தம் உண்டு. பேட்டரிக்குள் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். ஓர் அறை செத்தால் மிஞ்சுவது 10.5. அதற்குமேல் சார்ஜ் ஏற்றிக் காசையும் நேரத்தையும் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாம் எண், ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் எடுப்பது. ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். எண் விழுந்து எழும்பும். விழும் இடம் 9.6-க்கு மேலேயே நின்றால் நல்லது. காலையில் 12.6 காட்டிய பேட்டரி, சாவியைத் திருப்பியதும் எட்டுக்கோ ஏழுக்கோ போனால், சார்ஜ் இருக்கிறது, ஆனால் தகட்டில் சத்தில்லை. மாற்ற வேண்டியதுதான்.

மூன்றாம் எண், எஞ்சின் ஓடும்போது. 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். பிறகு லைட், ஏர்கோன், பின் கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். 13.2-க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ பார்க்க வேண்டும், பேட்டரியைத் திட்டிப் பயனில்லை. மழையில் ‘கீச்’ என்று கத்தும் பெல்ட் அதற்கு ஓர் அடையாளம். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. அப்படி ஓடும் காடியில் பேட்டரி கொதித்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பக்கவாட்டில் வீங்கும். வீங்கிய பேட்டரியோடு காடியை ஓட்டாதீர்கள். புதிய சில மாடல்களில் கணினியே ஆல்டர்னேட்டரைக் கூட்டிக் குறைக்கும். 12.8 என்று காட்டியதைப் பார்த்துப் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம், லைட் எல்லாம் போட்டதும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

மீட்டர் இல்லாத இடத்தில் காது உதவும். ‘டக்டக்டக்டக்’ என்று வேகமாகத் தட்டினால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டக்’, லைட் மட்டும் பளிச்சென்று அப்படியே எரிகிறது என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் தேடுங்கள்.

சார்ஜ் ஏற்றியதும் மூன்று எண்ணும் சரியாக இருந்து, இரண்டொரு நாளில் காலையில் மறுபடி இறங்குகிறதா? எங்கோ கரண்ட் ஒழுகுகிறது. நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கிளாம்புக்கும் குமிழுக்கும் இடையில் வையுங்கள். கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருங்கள், கணினிப் பெட்டிகள் தூங்கப் போக அவ்வளவு நேரம் தேவை. 0.05-க்குக் கீழே வந்தால் சரி. அதற்கு மேல் நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறது என்று பாருங்கள். மீட்டர் இடையில் இருக்கும்போது தவறிக்கூடச் சாவியைத் திருப்பிவிடக் கூடாது, மீட்டரின் ஃபியூஸோ மீட்டரேயோ போய்விடும்.

கிளாம்பைப் பற்றிச் சொன்னேனே, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குமிழைச் சுற்றி வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருக்கும் தூள், அமில ஆவி உலோகத்தை அரித்ததால் வந்தது. வெளியே தெரியும் பூவைவிட மோசமானது குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே படியும் கறுப்புப் படலம். மேலே சுத்தமாக இருக்கும், உள்ளே தொடர்பே இருக்காது. சோதிக்க ஒரு வழி: மீட்டரின் ஒரு முனையைக் குமிழிலும், மறு முனையை அதே குமிழைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டும் தொட்டுக்கொண்டுதானே இருக்கின்றன, எண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். 0.2-க்கு மேல் காட்டினால் அந்த இடத்திலேயே கரண்ட் தடுக்கிறது. பத்து நிமிடச் சுத்தத்தில் தீரும் கோளாறு அது.

சுத்தம் செய்ய 10 மில்லிமீட்டர் ஸ்பானர், உப்புத்தாள், ஆப்ப சோடா, பழைய பல் துலக்கி, ஒரு கோப்பை வெந்நீர். எஞ்சினையும் எல்லா லைட்டையும் அணைத்த பிறகு, முதலில் கழற்ற வேண்டியது நெகட்டிவ். திரும்பப் போடும்போது அதுதான் கடைசி. காரணம் இருக்கிறது: காடியின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்தது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பானர் எங்காவது இரும்பில் பட்டால் முழு பேட்டரியும் அந்த ஸ்பானர் வழியாகப் பாயும், ஸ்பானர் சிவந்து ஒட்டிக்கொள்ளும். மோதிரம் போட்டிருந்தால் கழற்றிவிட்டு வேலை பாருங்கள். நட்டைத் தளர்த்தியதும் கிளாம்பை இடமும் வலமுமாகத் திருகித் தூக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் குமிழ் அடியில் விரிசல் விட்டு அமிலம் கசியும்.

வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கும்வரை துலக்குங்கள். மூடியுள்ள பேட்டரியில் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், சோடாத் தண்ணீர் உள்ளே போனால் அமிலம் கெட்டுவிடும். கழுவித் துடைத்த பிறகு, குமிழின் வெளிப்பக்கத்தையும் கிளாம்பின் உட்பக்கத்தையும் ஈயம் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மாட்டி, கையால் திருகினால் அசையாத அளவுக்கு இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகுதான் மேலே மெல்லிதாக வாசலின் அல்லது கிரீஸ் பூச வேண்டும். தொடர்பு இருக்கும் உட்பக்கத்தில் அள்ளிப் பூசிவிட்டு மாட்டுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும்.

தண்ணி ஊற்றும் பேட்டரி இன்னும் தோட்டத்து லாரியிலும் டிராக்டரிலும் பழைய காடிகளிலும் ஓடுகிறது. நம் வெயிலில் மாதம் ஒரு முறை மூடி திறந்து பார்க்க வேண்டும். தகடுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும், பெட்டியில் மேல் கோடு, கீழ்க் கோடு இருந்தால் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. ஊற்ற வேண்டியது வாலைத் தண்ணீர் (டிஸ்டில்ட் வாட்டர்) மட்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின், கிணற்றுத் தண்ணீரில் இரும்பு, இரண்டும் பேட்டரி தானாகவே இறங்க வழி செய்யும். தகர ஓட்டில் பிடித்த மழைத்தண்ணீரும் வேண்டாம். இன்னொரு தவறு, குறைந்ததற்கு அமிலம் ஊற்றுவது. ஆவியாகிப் போனது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. மேலும் அமிலம் சேர்த்தால் தகடு சீக்கிரம் அரித்துப்போகும். தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால், முதலில் தகடு மூழ்கும் அளவு மட்டும் ஊற்றி, சார்ஜ் செய்து, அப்புறம் கோடு வரை நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் ஆறு அறையையும் தனித்தனியாகப் பாருங்கள். முழுச் சார்ஜில் 1.26, 1.28 என்று வரும். ஐந்து அறை சமமாக இருந்து ஒன்று மட்டும் 0.05 குறைந்தால் அந்த அறைதான் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. தண்ணி ஊற்றத் தேவையில்லாத மெயின்டனன்ஸ் ஃபிரீ பேட்டரியின் மேலே இருக்கும் பச்சைக் கண்ணை ரொம்ப நம்ப வேண்டாம். அது பார்ப்பது ஆறில் ஓர் அறையைத்தான்.

செம்பனைக் காட்டுப் பாதையில் ஓடும் காடிக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பட்டை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பேட்டரி மாற்றும் அவசரத்தில் போமன் (மெக்கானிக்) அதைப் போடாமல் விட்டிருப்பார், ராஃபியா கயிறு கட்டியிருக்கும் காடிகளும் வருகின்றன. செம்மண் பாதையின் குலுக்கலில் தகட்டில் அப்பியிருக்கும் மருந்து உதிர்ந்து அடியில் சேரும். சேறு மாதிரி உயர்ந்து இரண்டு தகட்டைத் தொட்டால் அந்த அறை ஷார்ட். சில காடிகளில் பேட்டரியைச் சுற்றி ஒரு துணி உறையோ பிளாஸ்டிக் மறைப்போ வரும். அழகுக்கு வைத்ததில்லை அது, எஞ்சின் சூட்டைத் தடுக்க வைத்தது. பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

வழியில் நின்றுபோனால் ஜம்பர் வயர். பிறர் காடியிலிருந்து எடுக்கும் முன் ஒரு கேள்வி: அது 12 வோல்ட்டா? தோட்டத்துப் பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். உதவி செய்ய வந்த லாரியிலிருந்து எடுத்து, காடியின் கணினியையே எரித்துவிடக் கூடாது. இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவ், நல்ல பேட்டரியின் பாசிட்டிவ், நல்ல பேட்டரியின் நெகட்டிவ், கடைசி முனை நின்றுபோன காடியின் எஞ்சின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசித் தொடுதலில் தீப்பொறி வரும். பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் நிற்கலாம், வெடித்தால் அமிலம் முகத்தில் தெறிக்கும். சிகரெட்டை அணைத்துவிட்டுக் குனியுங்கள். நல்ல காடியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு சாவியைத் திருப்புங்கள், ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். பிடித்ததும் புளோவரைப் போட்டுவிட்டு, மாட்டிய வரிசையைத் தலைகீழாக வைத்துக் கழற்றுங்கள். கண்ணில் அமிலம் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு நேரே மருத்துவமனை.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அந்த நொடியில் வோல்ட் எகிறிக் கணினிப் பெட்டியைக் கெடுத்துவிடும். யாராவது உங்கள் காடியில் அப்படிச் செய்யப் போனால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது பழைய பேட்டரியின் மேல் இருக்கும் எழுத்தைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள். 46பி24எல் என்றால், 46 திறன், பி அகலமும் உயரமும், 24 நீளம் சென்டிமீட்டரில், எல் குமிழ் எந்தப் பக்கம் என்பது. குமிழ்கள் உங்கள் பக்கம் இருக்கும்படி வைத்தால் பாசிட்டிவ் வலது கைப்பக்கம் வருவது எல். கடைசியில் எஸ் இருந்தால் குமிழ் தடிமன். சிக்னலில் தானாக எஞ்சின் அணையும் ‘எக்கோ ஐடல்’ காடிக்கு அதற்கென்றே செய்த இ.எஃப்.பி. வகைதான் வேண்டும். மலிவு என்று சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரமே திரும்பக் கடைக்கு வர வேண்டியிருக்கும். கடையிலேயே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 12.4-க்குக் கீழே காட்டும் ‘புதிய’ பேட்டரி அலமாரியில் வெகுநாள் தூங்கியது, வேறு கேளுங்கள். தயாரிப்பு தேதி ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தாலும் அப்படித்தான்.

பழையதைக் கடையிலேயே கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழிப்பார்கள். மலேசியச் சட்டத்தில் ஈய பேட்டரி எஸ்.டபிள்யூ.102 என்ற எண்ணுள்ள அபாயக் கழிவு. லயத்துக்குப் பின்னால் உடைத்து ஈயம் எடுப்பதும், அமிலத்தைக் கால்வாயில் கொட்டுவதும், பிள்ளைகள் விளையாடும் மண்ணில் விஷத்தைப் போடுவதுதான்.

புதியதை மாட்டியதும் அதன் மேல் பெயிண்ட் பேனாவால் மாதமும் வருடமும் எழுதிவிடுங்கள், ரசீதைக் கிளவ் பாக்ஸில் வையுங்கள். பதினெட்டாவது மாதத்திலிருந்து மாதம் ஒரு காலை மீட்டர் வைத்து, அந்த எண்ணை ரசீதின் பின்பக்கம் குறித்து வாருங்கள். 12.6, 12.5, 12.3 என்று இறங்கத் தொடங்கும்போது இருநூறு வெள்ளியை ஒதுக்கிவைக்க இன்னும் சில வாரம் கையில் இருக்கும்.